பாத்ரூம் ஃபேன் விஷயமாக நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் இரண்டு அபார்ட்மெண்ட் குழுக்களில் ஒரு படம் சுற்றியது. கருகிப்போன எக்ஸாஸ்ட் ஃபேன், கூடவே ஒரு குரல் பதிவு. கடைக்காரர் டூப்ளிகேட் சரக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று அதில் பேச்சு. சிலர் அதை எனக்கே அனுப்பி, "என்னங்கண்ணா விஷயம்?" என்று கேட்டீர்கள். குழுவில் எதுவும் எழுதாமல் நேரே என்னிடம் கேட்ட உங்களுக்கு முதலில் நன்றி.

சொன்னதில் மற்றதெல்லாம் சரி, பொறுத்துக்கொள்வேன். டூப்ளிகேட் என்ற ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. 19 வருடமாகக் கோவையில் இந்தக் கடையை நடத்துகிறோம். பில் இல்லாமல் ஒரு சுவிட்ச்கூட இங்கிருந்து வெளியே போனதில்லை. அந்த ஃபேனை நானே போய்க் கழற்றி எடுத்துவந்து பிரித்துப் பார்த்தேன். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, அதாவது காயில் (coil), கருகியிருந்தது. சுவரில் இருந்த டிம்மருக்கு, அதாவது மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சுக்கு, ஒன்றும் ஆகவில்லை. அந்த டிம்மர் நாங்கள் விற்றதும் இல்லை. ராத்திரியில் ஃபேன் சத்தம் குழந்தையை எழுப்புகிறது, போனிலிருந்தே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தார்கள். மாட்டித் தரச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

அது விளக்குக்கான டிம்மர். விளக்கு டிம்மர் மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை இந்த வெட்டு நடக்கும். பல்பு அதைக் கண்டுகொள்ளாது, மங்கலாக எரியும். மோட்டார் அப்படியில்லை, உறுமும், சூடாகும். ஆறு அங்குல பாத்ரூம் ஃபேன் சுமார் 30, 40 வாட் மோட்டார்தான். போனில் 20 சதவீதம் என்று வைத்தால், இறக்கையில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்திருந்தாலே சுற்றாமல் நின்றுவிடும். மின்சாரம் மட்டும் காயிலில் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரைக் குளிரவைக்க ஃபேன் காற்றும் கிடையாது. அப்புறம் கருகாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷட்டர் காற்று தள்ளினால்தான் திறக்கும். வேகத்தைக் குறைத்தால் பாதி திறந்து படபடவென்று அடிக்கும், ஈரக்காற்று உள்ளேயே சுற்றும். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் போடலாமே என்று பலர் கேட்கிறீர்கள். அதில் இருக்கும் கெப்பாசிட்டர் பெரிய மோட்டாருக்குக் கணக்குப் போட்டது. இந்தச் சின்ன மோட்டாரில் நினைத்தபடி படிப்படியாக வேகம் குறையாது. வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கென்றே வேகக் கட்டுப்பாட்டோடு வரும் ஃபேனை வாங்குங்கள். பல வீடுகளில் சத்தம் மோட்டாரிலிருந்து வருவதே இல்லை, வென்டிலேட்டர் கண்ணாடி அதிர்வதால் வருகிறது. அந்த வீட்டிலும் புது ஃபேனை ரப்பர் வாஷர் வைத்து முடுக்கியதும் சத்தம் வெகுவாக அடங்கிவிட்டது.

அந்த டிம்மரை மாட்டிக் கொடுத்தது எங்கள் வயர்மேன்தான், அதை மறைக்கவில்லை. இது ஃபேனுக்கு ஆகாது என்று அவர் சொல்லியிருக்கிறார், வீட்டில் வற்புறுத்தியதும் இணைத்துவிட்டார். இணைத்திருக்கக் கூடாது. அதற்காக வருந்துகிறேன். புது ஃபேனை எங்கள் செலவிலேயே போட்டுக் கொடுத்துவிட்டோம்.

பாத்ரூமுக்கு, போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் சுவிட்சே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வேகத்தை விட்டுவிட்டு நேரத்தை அதனிடம் கொடுங்கள், அங்கேதான் அதன் அருமை தெரியும். லைட்டைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து ஃபேன் ஓட ஆரம்பிக்கட்டும். கை கழுவ மட்டும் போகிறவருக்காக அது ஓட வேண்டியதில்லை. குளித்து முடித்து லைட்டை அணைத்த பிறகு 15, 20 நிமிடம் ஓடி தானே நிற்கட்டும். குளித்த பிறகு ஓடும் அந்த நேரம்தான் கூரையில் கரும்பூஞ்சை வராமல் காக்கிறது. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியும் வேண்டும், உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

அந்த டைமர் போன் ஆப்பில் இல்லாமல், சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் ஸ்மார்ட் மாடுலுக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நெட் போனாலும் ஃபேன் சொன்ன நேரத்தில் நிற்கும். கரண்ட் போய் வந்தால் அணைந்த நிலையில் இருக்கும்படியும் வைத்துத் தருகிறோம். சுவரில் இருக்கும் பழைய சுவிட்ச் எப்போதும்போல வேலை செய்யும், வீட்டுப் பெரியவர்கள் போனைத் தேட வேண்டியதில்லை.

ஈரப்பத சென்சார் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 70 சதவீதம் தாண்டினால் ஓடு என்று வைத்தீர்களானால், ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வரும் நாட்களில் ஃபேன் ராத்திரி பகலாக ஓடும், ஏனென்றால் வெளிக்காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கும். சட்டென்று 10 சதவீதம் ஏறினால் ஓடட்டும் என்று வைப்பதே நம் ஊருக்குப் பொருந்தும். சென்சாரை ஷவருக்கு நேரே வைக்காதீர்கள்.

அந்த வயர்மேன் தம்பி இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். ஏழு வருடம் எங்களோடு இருந்தவர், உங்கள் பலர் வீட்டில் காபி குடித்தவர். இந்தப் பேச்சு அவர் மனதையும் புண்படுத்திவிட்டது. இப்போது நானும் இன்னொருவரும்தான் வருகிறோம், ஒன்றிரண்டு நாள் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கு நாட்களில் பாக்கியைத் தேடிவந்து கொடுத்தவர்கள் நீங்கள். இந்த வாரமும், "நம்ம கடையைப் பற்றி எங்களுக்குத் தெரியும்" என்று நான்கு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனீர்கள். அதை மறக்க மாட்டேன்.

ஸ்மார்ட் மாடுல் மாட்டுவதற்குத் தேவைப்படும் நியூட்ரல் கம்பி பல பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் இருக்காது. அதை இழுக்கும் கூலி அடுத்த மாதம் முதல் தனி, வந்து பார்க்க 300 ரூபாய்.

எக்ஸாஸ்ட் ஃபேனில் டிம்மர் போட்டிருப்பவர்கள் யாராக இருந்தாலும், யார் மாட்டியதாக இருந்தாலும், கடைக்கு ஒரு போன் செய்யுங்கள். அதை மாற்றித் தர வருகைக் கட்டணம் வாங்க மாட்டேன். அதுவரை முழு வேகத்திலேயே ஓட்டுங்கள், உறுமல் கேட்டால் அணைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் எலக்ட்ரிக்கல் கடைக்காரர்