கோடிட்ட இடத்தில் பொருந்தாத வசனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் ஐந்து பேரும் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

போன வாரம் போனில், "பிள்ளைகளுக்கு வேதபாடம் எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துகிறாய்?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதுவும் நல்லதுதான், இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை இது.

முதலில் உங்கள் பழைய பயத்துக்குப் பதில். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால் அரசாங்கம் சும்மா விடுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நாங்கள் இருக்கிற இந்த அமெரிக்க மாநிலம் டெக்சஸில், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிற வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளி மாதிரிதான் என்று மாநில உச்ச நீதிமன்றமே 1994-ல் சொல்லிவிட்டது. எங்கும் பதிவு செய்ய வேண்டாம், அரசுத் தேர்வும் கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமக்களாக நடப்பது, இந்த ஐந்தையும் ஒரு பாடத்திட்டம் வைத்து உண்மையாக நடத்த வேண்டும், அவ்வளவுதான். மூத்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும்போது ஒரு கடிதம் கொடுத்தோம், அதோடு சரி. எல்லா மாநிலமும் இப்படி இல்லை. நியூயார்க்கில் வருடத்துக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்து, காலாண்டுக்கு ஒரு அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

அந்த ஐந்தில் வேதபாடம் இல்லை, கவனித்தீர்களா? நடத்தினாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை. எப்படி நடத்துவது என்று சொல்லித்தரவும் ஆள் இல்லை. கணக்குப் புத்தகத்தை ஒரே நாளில் வாங்கினேன். இதற்கு எட்டு மாதம் ஆனது.

வீட்டுப் பள்ளிக்காரர்கள் கூடுகிற ஒரு மாநாட்டுக்குப் போனோம். புத்தக அரங்கில் வேதபாடத்துக்கு மட்டுமே வரிசை வரிசையாக மேசைகள். எனக்குத் தலை சுற்றியது. வயதுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம், ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும், வாரம் ஒரு நற்குணம், வசன மனப்பாடம், வினா விடை என்று வகைகளுக்குக் குறைவே இல்லை. ஒரு வருடத்தில் முழுவதும் என்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்களா தெரியவில்லை. மொத்தம் 1189 அதிகாரம். வருடத்துக்கு 180 நாள் பாடம் நடத்தினால் தினம் ஆறேழு அதிகாரம் வரும். லேவியராகமத்தில் அந்த வேகத்தில் போனால் பிள்ளைகள் மட்டுமல்ல, நானே தூங்கிவிடுவேன்.

நான் முதலில் வாங்கியது வயதுவாரியான பயிற்சிப் புத்தகம். மூத்தவளுக்கு ஒன்று, நடுவிலவனுக்கு ஒன்று, சின்னவனுக்குப் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற ஒன்று. மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு பாடம். ஒருத்தி சங்கீதத்தில், ஒருவன் யாத்திராகமத்தில், ஒருவன் நோவாவின் பேழையில். ஒருவர் படிப்பதைப் பற்றி இன்னொருவரிடம் பேச வழியே இல்லை. நான் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரமே மூத்தவள் அழுதுகொண்டு வந்தாள். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், இருபத்துமூன்றாம் சங்கீதம், முதல் வசனம். புத்தகத்தில் 'ஐ ஷால் நாட்' என்று போட்டு ஒரு கோடு. அவள் பைபிளிலோ 'ஐ லாக் நத்திங்', அதாவது எனக்கு ஒரு குறையும் இல்லை, என்று இருக்கிறது. எந்த வார்த்தையைப் போட்டாலும் பொருந்தவில்லை. புத்தகம் 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் என்கிற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத் தயாரித்தது, எங்கள் வீட்டில் இருப்பது புதிய மொழிபெயர்ப்பு. வாங்கும்போது இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எதும்மா சரி?" என்றாள். நீங்கள் கொடுத்தனுப்பிய தமிழ் வேதாகமத்தை எடுத்து, "நான் தாழ்ச்சியடையேன்" என்று வாசித்துக் காட்டினேன். தாழ்ச்சி என்றால் என்ன என்றாள். குறைவு என்றேன். கீழே போவதும் தாழ்வதுதானே என்று நானே யோசித்தேன். அப்புறம் அரை மணி நேரம் அந்த ஒரு வசனத்தில் உட்கார்ந்திருந்தோம். மூல மொழியான எபிரெயுவில் ஒன்றுதான் இருக்கிறது, அதை ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புத்தகத்தில் அந்தக் கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்த வருடத்திலேயே நாங்கள் நடத்திய நல்ல வேதபாடம் அதுதான்.

அடுத்து நற்குணப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். தாவீது என்றால் தைரியம், ரூத் என்றால் உண்மையாயிருத்தல். யாக்கோபு வந்ததும் எழுதினவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அவன் தன் அப்பாவை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்குகிற ஆதியாகமம் 27-ஐ அப்படியே தாண்டிவிட்டு, பெத்தேலில் அவன் கண்ட கனவுக்குப் போய்விட்டது புத்தகம். நடுவிலவன் விடுவானா? முழு வேதாகமத்தில் தேடி எடுத்துப் படித்துவிட்டு, "பொய் சொன்னான், ஆசீர்வாதமும் கிடைத்ததே, அது எப்படி?" என்றான். அந்தக் கேள்விக்கு இடமில்லாத புத்தகம் எனக்கு வேண்டாம். பின்னால் மாமன் லாபான் யாக்கோபையே ஏமாற்றுகிற இடம் வரை பொறுத்துப் படி, அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்தேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். ஒரு பாடத்தில், விசுவாசித்து முழுக்கு எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று அடித்துச் சொல்லியிருந்தது. "அப்போ எனக்குக் கொடுத்தது?" என்று மூத்தவள் முகம் வாடிவிட்டது. எழுதினவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் சபையின் போதனையை அவர்கள் எழுதியிருக்கிறார்கள். முன்னாலேயே பார்க்காதது என் தப்பு. இப்போது எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் ஆசிரியர் கையேட்டில், சபைக்குச் சபை விளக்கம் மாறுகிற மூன்று இடத்தை முதலில் புரட்டுகிறேன்: ஆதியாகமம் முதல் அதிகாரம், அப்போஸ்தலர் நடபடிகளில் ஞானஸ்நானம் வருகிற பக்கங்கள், வெளிப்படுத்தின விசேஷம். எழுதினவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நம்மோடு ஒத்துப்போகாததையெல்லாம் தள்ளுவதில்லை. எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று குறித்துக்கொள்கிறேன்.

கடைசியில் எடுத்தது, வேதாகமத்தைக் கால வரிசைப்படி நான்கு வருடத்தில் முடிக்கிற ஒரு பாடத்திட்டம். மூன்று பேருக்கும் ஒரே பகுதி, கேள்விகள் மட்டும் வயதுக்கு ஏற்றபடி. சின்னவன் கேட்டதைப் படமாக வரைவான், நடுவிலவன் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வான். மூத்தவளுக்கு இது போக மாற்கு சுவிசேஷம் தனியாக. பதினாறு அதிகாரம்தான், வாரத்துக்கு ஒன்று. கோடிட்ட இடமே இல்லை. என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், நான் என்ன செய்ய வேண்டும், இந்த மூன்று கேள்விதான். முதல் கேள்வியிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. நோவாவின் பேழைக்குள் எல்லா மிருகமும் ஒவ்வொரு ஜோடிதான் போனது என்று நானே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன், அப்பா. சுத்தமான மிருகங்களில் ஏழேழு என்று ஏழாம் அதிகாரத்தில் தெளிவாக இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள் எங்களுக்கு நடத்தியபோது நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். கால வரிசையில் போனால் நியாயாதிபதிகள் வரும். நேர்ந்துகொண்டதற்காகத் தகப்பனே மகளைப் பலி கொடுக்கிற யெப்தாவின் மகள் கதையை ஐந்து வயதுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி வாசிப்பது? கையேடு "பெற்றோர் முடிவு செய்யலாம்" என்று நழுவிவிட்டது. சின்னவர்கள் இருந்த வகுப்பில் நீங்கள் அதை எப்படிக் கடந்தீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வாரம் ஒரு நாள் மாற்குவை நீங்கள் தமிழில் வாசிக்க, இவர்கள் ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டே வந்தால் நன்றாக இருக்கும். எங்களுக்கு வெள்ளி இரவு எட்டரை, உங்களுக்குச் சனி காலை ஏழு. நவம்பரில் இங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிடுவார்கள், அப்போது உங்களுக்கு எட்டு மணி ஆகிவிடும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். நடுவிலவன் இப்போதே ஒரு கேள்வியோடு காத்திருக்கிறான். இயேசு துரத்திய பிசாசுகள் புகுந்ததால் கடலில் விழுந்து செத்த அந்த இரண்டாயிரம் பன்றிக்கு, பன்றிக்காரருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். தாத்தாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அன்பு மகள்