பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்:
காது கேளாத குழந்தைகளின் பெற்றோர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பும் முன்பே செவித்திறன் பரிசோதனை செய்யவும், மறுபரிசோதனையை ஒன்றரை மாதத் தடுப்பூசியோடு சேர்த்து நடத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மனுவில் கையெழுத்திட்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பிள்ளைக்குக் காது கேட்காது என்பது தெரிந்தது இரண்டு, இரண்டரை வயதுக்குப் பிறகுதான். இதை எழுதும் என் மகள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று முதலில் காட்டிய மருத்துவமனையில், "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். "அவங்கப்பன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் தைரியம் சொன்னார்கள். தட்டு கீழே விழுந்தால் திரும்பிப் பார்த்தாள் என்பதால் நாங்களும் நம்பினோம். தரையின் அதிர்வு, ஆள் நிழல், முகத்தில் படும் காற்று ஆகியவற்றை உணர்ந்தும் குழந்தை திரும்பும் என்று பின்னர் பெரா பரிசோதனை (ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) செய்த செவித்திறன் நிபுணர் சொன்னார். கைதட்டிப் பார்ப்பது ஒரு பரிசோதனையே அல்ல.

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், நன்றாகக் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவை. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. 1000 குழந்தைகளுக்கு 1 முதல் 3 பேர் இப்படிப் பிறப்பதாக மருத்துவம் சொல்கிறது. சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பரம்பரையாக வரும் காது கேளாமைக்கு அது வாய்ப்பைக் கூட்டுகிறது.

பரிசோதனை பெரிய வேலை இல்லை. ஒலிக்கு உள்காது பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. கருவியின் சிறு முனையைத் தூங்கும் குழந்தையின் காதில் வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. பிறந்த முதல் நாளில் காதுக்குள் ஈரமும், பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவும் அடைத்திருப்பதால் சரியாகக் கேட்கும் குழந்தைக்கும் தவறான முடிவு வரலாம். ஒரு நாள் கழித்துச் செய்வது நல்லது. தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. சுகப்பிரசவமானாலும் தாயும் குழந்தையும் இரண்டு நாளாவது அங்கே இருக்கிறார்கள். இதைவிட வசதியான நேரம் பிறகு கிடைக்காது.

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகள், கடும் மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றப்பட்டவர்கள், மூளைக்காய்ச்சல் கண்டவர்கள், அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் நீண்ட நாள் ஏற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. உள்காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் அது ஓ.ஏ.இ.யில் தப்பிவிடும். இவர்களுக்கு பெராவும் கட்டாயம் வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பேச்சுப் பயிற்சியும் என்பதுதான் உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. கேட்டால்தான் பேச்சு வரும். அதற்கான மூளை வளர்ச்சி முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாக நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் (உள்காதில் பொருத்தும் செவிக்கருவி) அறுவை சிகிச்சை செய்து தரப்படுவதற்கு நாங்கள் நன்றி உள்ளவர்கள். ஆனால் லட்சக்கணக்கில் அரசு செலவிடும் அந்தக் கருவியின் முழுப் பலனும், குழந்தையை எந்த வயதில் கண்டுபிடித்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சட்டமும் திட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-ஆவது பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்திலும் பிறவிக் காது கேளாமை சேர்க்கப்பட்டுள்ளது. இவை வார்டு வரைக்கும், வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைக்கிராமங்கள் வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

எனவே மாவட்டத்தில் பிரசவம் நடக்கும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு வீடு திரும்பும் முன்பே ஓ.ஏ.இ. பரிசோதனை நடக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். கருவி இல்லாத இடங்களுக்கு முறைவைத்துக் கொண்டுசெல்லும் கருவியும் பயிற்சி பெற்ற ஒருவரும் வரலாம். சத்தமில்லாத ஒரு சிறு அறை அவசியம்; வார்டு இரைச்சலில் செய்தால் முடிவுகள் தவறாகலாம். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே அறிவுறுத்தலை அனுப்ப வேண்டும். முடிவைத் தாய்சேய் அட்டையில் எழுதி, பிக்மி எண்ணோடு (கர்ப்பப் பதிவு எண்) பதிவுசெய்ய வேண்டும்.

எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது அதற்கடுத்த படி. முதல் பரிசோதனையில் தேறாத குழந்தைகளில் பலர் மறுபடி வருவதே இல்லை. பச்சை உடம்புக்காரியால் இரண்டு பஸ் மாறி வர முடியாது; கூட வரும் கணவருக்கு அன்றைய கூலி போய்விடும். ஒன்றரை மாத ஊசிக்கு மட்டும் எப்படியும் வந்துவிடுகிறார்கள். மறுபரிசோதனையை அந்த நாளிலேயே, அந்த இடத்திலேயே வையுங்கள். அதிலும் தேறாதவர்களின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு இலவச வாகனத்தில் அழைத்துவர ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதத்துக்குள் பெரா முடியாத குழந்தைகளின் எண்ணிக்கையை மாதாந்திர சுகாதார ஆய்வுக் கூட்டத்தில் தாங்களே கேட்டறிய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
காது கேளாத குழந்தைகளின் பெற்றோர்,
பென்னாகரம் வட்டம்.

இணைப்பு: பெற்றோர் கையெழுத்துப் பட்டியல்.