முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடித்தோம். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் மாற்றினோம். பொங்கலுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்கக் காணொளி வகுப்பைப் பற்றியது.

நம் பள்ளி ஈராசிரியர் பள்ளி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். வகுப்போ ஐந்து. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால், இருக்கிற ஒரு டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுப்பாரா, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவாரா?

அதனால்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கி, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு மட்டும், வெளியூரில் இருப்பவர்கள் இணையம் வழியே நேரலையாக நடத்தும் இந்தக் காணொளி வகுப்பைத் தொடங்கினோம். திருச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அறிவியல் எடுக்கிறார். ஆங்கிலம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி. இங்கே காலை 10 மணி என்றால் அங்கே 12.30. அவர் சாப்பாட்டு இடைவேளையை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்.

கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் பெரிய உதவிதான். ஆனால் அதனிடம் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாது. இங்கே கேட்கலாம். சம்பா நடவு நேரத்தில் வேர்ப் பாடம் நடந்தது. ஒரு பெண் பிள்ளை சேறு சொட்டச் சொட்ட நாற்று ஒன்றைக் கேமரா முன் நீட்டினாள். "இன்னும் கிட்டே காட்டும்மா" என்றார் ஆசிரியை. சல்லிவேர் என்று நான்கு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். உடனே ஒரு பையன் வெளியே ஓடி, கீரைச்செடி ஒன்றை ஆணிவேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தான்.

படத்தைவிடக் குரல்தான் முக்கியம் என்பது போகப் போகப் புரிந்தது. படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். குரல் விட்டு விட்டு வந்தால் வகுப்பு கலைந்துவிடுகிறது. எதிரொலியைக் குறைக்கப் பின்சுவரில் நெல் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டோம், நன்றாகவே கேட்கிறது. நவம்பரில் ஃபெஞ்சல் புயல் நேரத்து மழைக்குப் பிறகு, பள்ளி திறந்தும் இணைய வயர் உயிர் பெறவில்லை. செல்போன் இணைப்பில், நம் பக்கக் கேமராவை அணைத்துவிட்டுக் குரலை வைத்தே ஓட்டினோம்.

திரை இருந்தால் ஆசிரியர் எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சிலர் பயந்தார்கள். நியாயமான பயம். என் கருத்து இதுதான்: பெரிய பிள்ளைகள் திரை முன் இருக்கும் அந்த முக்கால் மணி நேரம், டீச்சர் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசிக்க வைக்கிறார். பெரிய லாபம் அங்கேதான். அதனால் மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கேட்டு நாம் கொடுத்துவரும் மனுவை நிறுத்தக் கூடாது.

திரை அறையில் பெரியவர் ஒருவர் இல்லாமல் வகுப்பு நடக்காது. நம் அக்காக்கள் முறை வைத்து வந்தார்கள், அவர்களுக்கு நன்றி. அறுவடை நாட்களில்தான் ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். இன்வெர்ட்டர் பேட்டரி வலுவிழந்துவிட்டது, மாற்ற வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியும் இதே வகுப்பில் சேரக் கேட்கிறது. நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டி போடத் தோழர்கள் கிடைப்பார்கள், சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம், புதன்கிழமை முறைக்கு ஆள் இல்லை. வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்