உன் வெர்னியர் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள குமார்,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. கணக்கு நேராகிவிட்டது, சண்டை வேண்டாம். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார். பொழுது போகாமல் ஊரார் வீட்டு ஃபேனையெல்லாம் கழற்றி மாட்டுகிறாராம். உன் வீட்டுக்கு வந்தால் ஸ்க்ரூட்ரைவரை ஒளித்து வை.

விஷயத்துக்கு வருகிறேன். பைக்கின் முன்சக்கரத்துக்கு அலாய் வீல் போட்டேன்.

திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. "ஸ்போக்ஸ் வீல் வளைந்தால் கோட்டம் எடுக்கலாம், அலாய் விரிசல் விட்டால் தூக்கித்தான் போடணும்." சரிதான். ஆனால் மாதம் இரண்டு முறை பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து, ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டி ஓசை கேட்டு, எனக்கு அலுத்துவிட்டது. அலாயில் ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் போடலாம், ஆணி குத்தினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், வீடு வந்து சேரலாம். அந்த ஒரு ஆசைதான். அழகுக்காக வாங்கினேன் என்று நீ எல்லோரிடமும் சொல்லப்போகிறாய், சொல்லிக்கொள்.

அளவு பார்க்காமல் வாங்கவில்லை. அதே 17 அங்குலம், அதே 15 மில்லிமீட்டர் ஆக்சில். பிரேக் டிஸ்க் போல்ட் துளைகளும் ஒத்துப்போயின. ரிம் அகலம் 1.85லிருந்து 2.15 அங்குலம் ஆனதால் டயரை மாற்ற வேண்டியிருந்தது, அதையும் செய்தேன். பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி உருளும் திசையைக் காட்டுகிறதா என்றுகூடப் பார்த்துத்தான் ஏற்றினேன். விற்றவர், "அப்படியே மாட்டிக்கலாம் சார்" என்றார். அப்படியே மாட்டும் சாமான் எதையும் நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

டிஸ்க்கிலேயே முதல் இடி. புது ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், மையத்திலிருந்து டிஸ்க் உட்காரும் முகம் பழையதைவிட 3 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. டிஸ்க்கைக் கவ்வும் நம் கேலிப்பர் இரண்டு ஊசிக் கம்பிகள் மேல் நழுவும் ரகம் என்பதால் அது தானே சரிசெய்துகொள்வது போலத் தெரிந்தது. ஒரு பக்கமே ஒட்டி நின்றால் எத்தனை நாள் நழுவும்? ஆக்சிலில் ஒரு வாஷர் போட்டுச் சரிக்கட்டலாமா என்று யோசித்தேன். சத்தியமாக ஒரு நிமிடம்தான். வாஷர் போட்டால் டிஸ்க் மட்டுமா நகரும், சக்கரமே நடுவை விட்டு நகருமே! லேத்தில் 3 மில்லிமீட்டர் வளையம் கடைந்து டிஸ்க்குக்கு அடியில் வைத்து, அதற்கேற்ப நீளமான போல்ட் போட்டேன். அதில் நீ குறை சொல்ல முடியாது.

குறை அடுத்ததில் இருக்கிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

வீலோடு வந்த பேரிங் பேர் தெரியாத சரக்கு. எடுத்துவிட்டு 6202 எண் போட்ட நல்ல பேரிங் இரண்டு வாங்கினேன். ஹப்பைச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீஸரில் வைத்து, வெளி வளையத்தில் மட்டும் தட்டி இறக்கினேன், நீ சொல்லிக்கொடுத்தபடியே. ஆனால் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இடைவெளி காக்கும் ஸ்பேசர் குழாய், வீலோடு வந்தது, துருப்பிடித்திருந்தது. பழைய ஹப்பிலிருந்து எடுத்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது. போட்டுவிட்டேன்.

கண்ணளவுதான்டா. மில்லிமீட்டரின் பின்னம்வரை அளக்கும் உன் வெர்னியர் அந்த நேரம் என் மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருடம் நீ அதை வைத்து உன் தம்பியைச் சந்தேகப்பட்டதற்கு அவனிடம் மன்னிப்பு கேள்.

நட்டை முறுக்குவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், பம்பரம் மாதிரி சுற்றியது. முறுக்கிய பிறகு சுற்றிப் பார்க்கவில்லை. முன்னால் சுற்றினால் என்ன, பின்னால் சுற்றினால் என்ன என்ற நினைப்பு. நான் சொல்லாமலே உனக்குப் புரிந்திருக்கும். குழாய் குட்டையாக இருந்ததால் நட்டு இழுக்க இழுக்க இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கின. வெளிவளையங்கள் ஹப்பில் பதிந்து அசையாமல் இருந்தன. நடுவில் மாட்டிக்கொண்ட குண்டுகள் பக்கவாட்டில் இறுகின. அதோடு நான் ஓட்டிக் கிளம்பினேன்.

பின்னால் என் மகள்.

கொஞ்ச தூரம் போனதும், "அப்பா, முன்னாடி ஏதோ கரகரங்குது" என்றாள். புது டயர்ம்மா, அப்படித்தான் இருக்கும் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம். மறுபடி சொன்னாள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது, குமார். அவள் மூன்றாம் முறை சொல்லாமல் சும்மா இருந்தாள். அந்த அமைதிதான் என்னமோ செய்தது, ஓரங்கட்டினேன். ஹப்பில் விரலை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு நடந்து வந்தோம். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

பிறகு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து உன் வெர்னியரால் அளந்தேன். பழைய குழாய் 1.4 மில்லிமீட்டர் குட்டை. பேரிங் இரண்டும் கையில் எடுத்துத் திருப்பினால் மணல் அரைப்பது போல இருந்தது. துருப்பிடித்த அந்தக் குழாயின் நீளம் சரியாகத்தான் இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முடிந்திருக்கும்! அந்த நீளத்துக்கே லேத்தில் புதிதாக ஒன்று கடைந்து வாங்கினேன். பேரிங்கும் புதிது. இந்த முறை ஒரு பக்கத்து பேரிங்கை அடிவரை இறக்கி, மற்றதைக் குழாயைத் தொடும்வரை மட்டும் இறக்கினேன். சக்கரத்தோடு சேரும் ஸ்பீடோமீட்டர் பெட்டியின் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று பார்த்த பிறகே ஆக்சிலை விட்டேன். நட்டை முறுக்கி, ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி எடுத்து, அப்புறம்தான் கீழே ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை இறுக்கினேன். பிரேக் பிடியை நாலைந்து முறை அழுத்தி டிஸ்க்கோடு பேட் சேர்ந்ததையும் பார்த்துக்கொண்டேன். இப்போது முறுக்கிய பிறகும் சுற்றுகிறது, சத்தமில்லாமல்.

மூன்று நாளாகத் தனியாக ஓட்டுகிறேன். நிறுத்தும் இடத்திலெல்லாம் குனிந்து ஹப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். போகிறவர்கள் வண்டிக்குக் கும்பிடு போடுகிறேன் என்று நினைக்கிறார்கள். மகளை இன்னும் ஏற்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு வாயேன். நட்டை அளவாக முறுக்கும் உன் டார்க் ரெஞ்சை எடுத்து வா. நட்டைத் தளர்த்தி உன் கையால் ஒருமுறை முறுக்கிவிட்டு, அவள் முன்னாலேயே சக்கரத்தைச் சுற்றிக் காட்டு. நான் காட்டினால் நம்பமாட்டாள், நியாயம்தான். 

வெர்னியரை அன்றைக்கே வாங்கிக்கொண்டு போ. இல்லை, வேண்டாம். இன்னும் பின்சக்கரம் இருக்கிறது.

உன்,
செல்வம்