வீட்டு மதிப்பீட்டில் விடுபட்டுப்போகும் ஒரு செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான வீடமைப்புத் திட்டங்களின் தாமதம் குறித்துக் கடந்த ஞாயிறு இதழில் வெளியான ஆசிரியர் தலையங்கத்தை வாசித்தேன். இந்திய உதவியின் கீழ் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் எந்த நிலையில் உள்ளன என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தோட்டக் குடியிருப்புகளை அங்கு வாழும் மக்களோடு கூடியிருந்து திட்டமிட்டு வரைந்து கொடுக்கும் சிறியதோர் இலாப நோக்கற்ற நிதியத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவள் என்ற வகையில், இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க விரும்புகிறேன். அந்த வீடுகள் எந்த இடத்தில், எப்படி அமைய வேண்டுமென்று அவற்றில் குடியேறப் போகிறவர்களிடம் யார், எப்போது கேட்கிறார்கள்?

முதலில் எங்கள் தவறையே சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முதற் கூட்டத்தை வார நாளொன்றில் காலை பத்து மணிக்கு வைத்தோம். தோட்டத் தலைவர் வந்தார், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை வந்தார், வேலையில்லாத இளைஞர் சிலரும் வந்தார்கள். பெண்கள் அனைவரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் எல்லோரும் தலையாட்டிய வரைபடத்தோடு மகிழ்ச்சியாக ஹட்டனுக்குத் திரும்பினோம்.

இரண்டாவது கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்து, வரைபடத்தைச் சுவரில் தொங்கவிடுவதற்குப் பதிலாக, முளை அடித்துக் கயிறு கட்டி, ஒரு வீட்டை அதன் உண்மையான அளவிலேயே தரையில் காட்டினோம். கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், குசினி வாசலாக நாங்கள் குறித்திருந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் கதவு வச்சா ஆடிக் காத்துக்கு அடுப்பே எரியாது தம்பி” என்று எங்கள் இளம் கட்டடக் கலைஞரிடம் சொன்னார். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து விறகுக்காகக் கட்டிக்கொண்டு வரும் மிலாறை (வெட்டிய தேயிலைக் கிளைகளை) நனையாமல் அடுக்க இடம் எங்கே என்று அடுத்தவர் கேட்டார். எங்கள் வரைபடத்தில் அப்படியோர் இடம் இருக்கவில்லை. முதியவர் ஒருவர் எங்களை மேட்டுப் பக்கம் அழைத்துச் சென்று, ஒரே திசையில் சாய்ந்து நின்ற சவுக்கு மரங்களைக் காட்டி, மழைக்காலத்தில் கீழேயுள்ள பீலியில் (மக்கள் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுக் குழாயில்) தண்ணீர் கலங்கி வருவதையும் சொன்னார். அன்று மாலைக்குள் இரண்டு வீடுகளின் இடம் மாறியது. பீலிக்கு மேலே நாங்கள் குறித்திருந்த மலசலகூடக் குழிகளும் மாறின. பல்கலைக்கழகத்தில் படித்த எங்களுக்கு அது வெட்கமாகத்தான் இருந்தது.

ஏழு பேர்ச் காணி என்பது காகிதத்தில் பெரிதாகத் தோன்றும். சதுர அடியில் சொன்னால் ஏறத்தாழ 1,900. அதில் 550 சதுர அடி வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது மாளிகை என்று மேடைகளில் சொல்கிறார்கள். ஆனால் சரிவான நிலத்தில் மண்ணை வெட்டித் தளம் எடுத்து, அணைச்சுவருக்கும் வடிகாலுக்கும் இடம் விட்ட பின், மரக்கறிப் பாத்திக்கும் மாட்டுப் பட்டிக்கும் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தை எங்கே மிஞ்ச வைப்பது என்பதை அங்கே குடியிருக்கப் போகிறவரைக் கேட்காமல் தீர்மானிக்க முடியாது.

மக்களைக் கேட்டுத் திட்டமிடுவது இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், கொழும்பின் குடிசைப் பகுதி மக்கள் சமுதாய அபிவிருத்திச் சபைகளாகக் கூடி, காணி எல்லை, ஒழுங்கையின் அகலம், பொதுக் குழாய் இருக்க வேண்டிய இடம் ஆகியவற்றை தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை உத்தியோகத்தர்களோடு அமர்ந்து முடிவு செய்தார்கள். வடிகால் வெட்டும் ஒப்பந்தங்களையும் அந்தச் சபைகளே எடுத்தன. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து கற்றுச் சென்ற முறை அது. தோட்டங்களிலோ, உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்கே 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்று, 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. லயத்து மக்களிடம் கருத்துக் கேட்பதற்கு ஓர் அலுவலகம் கிடைக்கவே இவ்வளவு காலம் சென்றிருக்கிறது.

எங்களைப் போன்ற நிதியங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். சீமெந்துக்கும் கூரைத் தகட்டுக்கும் நன்கொடை தர ஆள் உண்டு. திறப்பு விழாப் படத்தில் அவை தெரியும். ஓராண்டு காலம் தோட்டத்துக்குப் போய் வந்து, பேசி, அளந்து, அழித்து வரையும் வேலைக்குப் பணம் தருவோர் அரிது. கடந்த முறை நாங்கள் அனுப்பிய முன்மொழிவிலிருந்து நன்கொடை நிறுவனமொன்று வெட்டிய ஒரே வரி ‘மக்கள் கூட்டங்கள்’ என்பதுதான். போக்குவரத்தும் தேநீரும் வீண் செலவாம். அந்த வரி போனதும், தோட்டப் பேச்சு வழக்கு நன்கு தெரிந்த எங்கள் உத்தியோகத்தர் இருவர் வேறு வேலை தேடிப் போனார்கள். வரையக்கூடியவரை மறுபடி தேடிக்கொள்ளலாம்; தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று நாலு பேரைப் பேச வைக்கக்கூடியவர் எளிதில் கிடைப்பதில்லை.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அந்த இடம் அபாயமானது என்பது முன்னரே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒரு கோப்பில் இருப்பதும், அந்த நிலத்தில் உறங்குபவர் அதை விளங்கிக்கொண்டு, போவதற்கு மாற்றிடமும் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

எனவே தங்கள் பத்திரிகை வாயிலாக உரிய அமைச்சையும் அதிகார சபையையும் நான் கேட்பது பெரிய காரியமன்று. ஒவ்வொரு வீடமைப்பு மதிப்பீட்டிலும் திட்டமிடல் கூட்டங்களுக்கென ஒரு தொகையை வெட்ட முடியாதபடி ஒதுக்குங்கள். அந்தக் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமையிலோ கொழுந்தை எடை போட்டு முடிந்த பின்னரோ வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைத் தமிழில் தோட்டத்திலேயே வாசித்துக் காட்டுங்கள். கயிறு கட்டி மக்கள் மாற்றிய இடங்களை ஒப்புதல் வரைபடத்தோடு இணைக்க இடமளியுங்கள். பொகவந்தலாவையில் மாற்றிய வரைபடத்தை, முதல் வரைபடம் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுவிட்டது என்ற காரணத்தைக் கூறி அலுவலகமொன்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறது. நான்காவது முறையாக வரும் திங்கட்கிழமை எடுத்துச் செல்கிறோம்.

இப்படிக்கு,
மக்கள் பங்கேற்புத் திட்டமிடல் நிதியமொன்றின் பணிப்பாளர்,
ஹட்டன்.