புரதக் கணக்கை முதலில் போடு

அன்பு மகனுக்கு,

உடம்பு இளைக்கவென்று நீ போட்டு அனுப்பிய உணவுத் திட்டத்தைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 1,200 கலோரி, அதில் புரதம் 250 கிராம், மாவுச்சத்து 20 கிராம் என்று எழுதியிருக்கிறாய். புரதம் கிராமுக்கு 4 கலோரி. ஆக, 1,000 கலோரி புரதத்திலேயே போய்விடுகிறது. மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 என்பதால் அங்கே ஒரு 80. மிஞ்சுவது 120 கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, அதனால் நாள் முழுக்க உனக்குக் கிடைப்பது 13 கிராம் கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 14 கிராம் இருக்கும். மூன்று முட்டை சாப்பிட்டால் அதிலேயே 15 கிராமுக்குப் பக்கத்தில் போய்விடும். அப்புறம் எதை வைத்துச் சமைப்பாய், எப்படிப் பசி அடங்கும்? ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் சாப்பாட்டில் கொழுப்பு வேண்டும். இந்தத் திட்டத்தில் எடை இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் இதை யாராலும் மாதக்கணக்கில் கடைப்பிடிக்க முடியாது, உன்னாலும் முடியாது.

நீ குறைக்க நினைப்பது எடையை இல்லை, கொழுப்பை. அதை மறக்காதே. சாப்பாட்டைக் கண்மூடித்தனமாகக் குறைத்தால் இறங்கும் எடையில் கால் பங்கு வரை தசையாகவே போய்விடலாம். போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அதைக் காப்பாற்ற இரண்டு வழிதான் உண்டு: போதுமான புரதம், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சி. ஒன்றை மட்டும் செய்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடாதே. புரதத்தில் வேறு நன்மைகளும் இருக்கின்றன. வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நிற்கும். அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவாகும். மாவுச்சத்தில் அது 5 முதல் 10 சதவீதம்தான்.

சரி, எவ்வளவு வேண்டும்? பயிற்சியும் செய்துகொண்டு கொழுப்பைக் குறைப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் நல்ல அளவு. எடை கூடுதலாக இருப்பவர் அதை இப்போதைய எடைக்குப் போடாமல் இலக்கு எடைக்குப் போடுவது நல்லது. உன் இலக்கு 75 கிலோ என்றால் 120 கிராம் வருகிறது. கொஞ்சம் தாராளமாக 130 என்றே வைத்துக்கொள். 250 தேவையில்லை. தேவைக்கு மேல் போகிற புரதமும் கலோரிதான்.

உன் உயரத்துக்கும் வேலைக்கும் இப்போதைய எடை அப்படியே நிற்கத் தோராயமாக 2,300 கலோரி ஆகும். அதில் 500 குறைத்து 1,800 வை. புரதம் 130 கிராம், 520 கலோரி. மாவுச்சத்து 120 கிராம், 480. மீதி 800 கலோரி கொழுப்புக்கு, அதாவது 89 கிராம். இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

120 கிராம் மாவுச்சத்து அதிகம் என்று நீ சொல்வாய், தெரியும். நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தாலே அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்றுதான் சொல்கிறார்கள். 20, 30 என்று இறங்குவது கீட்டோ முறை, அதாவது மாவுச்சத்தை ஏறக்குறைய விட்டுவிட்டு உடம்பைக் கொழுப்பிலேயே ஓட வைப்பது, அது வேறு விஷயம். கொழுப்பு கரைய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை ஓராண்டு பார்த்தார்கள். ஒரு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, மறு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு. கடைசியில் இரு தரப்பின் சராசரி எடைக் குறைவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தரப்புக்குள்ளும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது. உனக்கு எது ஒத்துவருகிறதோ, எதை நீ விடாமல் செய்வாயோ, அதுதான் உன் முறை. உனக்குச் சர்க்கரையும் மாவுப் பண்டமும் கண்டால் கை நிற்காது என்பதால் மாவுச்சத்தைக் குறைப்பது பொருந்தும் என்றுதான் எனக்கும் படுகிறது.

அளக்கும்போது ஒன்றைக் கவனி. தோல், எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமில் 23 கிராம் புரதம் இருக்கும். வெந்தபின் 100 கிராமில் 31. புரதம் கூடவில்லை, தண்ணீர் வற்றியிருக்கிறது. அரிசி நேர்மாறு. வேகாத 100 கிராமில் 80 கிராம் மாவுச்சத்து, வெந்த சோற்றில் தண்ணீர் சேர்வதால் 28 கிராம்தான். சாப்பாட்டுக் கணக்குப் போடும் கைபேசிச் செயலியில் பதியும்போது பச்சையா, வெந்ததா என்று பார்க்காமல் தட்டினால் நாள் கணக்கே தலைகீழாகிவிடும். எப்போதும் ஒரே முறையில் எடை போடு.

ஒரு நாளைக்கு இப்படி வைத்துப் பார்: மூன்று முட்டை 18 கிராம் புரதம், வெந்த கோழிக்கறி 150 கிராமில் 46, வெந்த மீன் 150 கிராமில் 33, வெந்த பருப்பு 200 கிராமில் 18, தயிர் 200 கிராமில் 7, பாதாம் 30 கிராமில் 6. எல்லாம் சேர்த்து 128. இதோடு காய்கறி தாராளமாக, ஒரு சின்னப் பழம், 100 கிராம் சோறு. சோறு வேண்டாத நாளில் அதே அளவு மாவுச்சத்து வரும்படி ரொட்டியோ உருளைக்கிழங்கோ வைத்துக்கொள். சமைக்க இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். அளந்து ஊற்று. கண்ணளவில் ஊற்றும் எண்ணெயில்தான் கணக்கு அதிகம் தப்பும்.

பருப்பைப் பலரும் புரத உணவு என்று மட்டும் நினைக்கிறார்கள். வெந்த பருப்பு 100 கிராமில் புரதம் 9, மாவுச்சத்து 20. அதற்காக ஒதுக்கிவிடாதே, அதில் நார்ச்சத்து இருக்கிறது. இறைச்சியும் முட்டையும் மட்டும் தின்றால் நாலே நாளில் மலச்சிக்கல் வந்து நிற்கும். பருப்பின் மாவுச்சத்தையும் 120-க்குள் சேர்த்துக்கொள், போதும்.

முதல் வாரம் எடை சட்டென்று இரண்டு கிலோ இறங்கலாம். அது கொழுப்பு இல்லை. உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், குறைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து வெளியேறுகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோதான் கணக்கு, போகப் போக அதுவும் மெதுவாகும். இரண்டாம் வாரம் எடை நின்றுவிட்டது என்று சாப்பாட்டை இன்னும் வெட்டாதே. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடு. இடுப்பளவையும் எழுதி வை.

கடைசியாக ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாய். மாவுச்சத்து குறைந்ததும் உப்பும் தண்ணீரும் உடம்பிலிருந்து போகும், அழுத்தமும் இறங்கும். பழைய அளவு மாத்திரையோடு அது சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அதனால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல். இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுவது) சர்க்கரையும் பார்த்துவிடு. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் இவ்வளவு புரதம் கூடாது, கணக்கையே மாற்ற வேண்டும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை திட்டத்தைத் தொடங்காதே. பயிற்சியை மட்டும் நாளைக்கே ஆரம்பிக்கலாம், லேசான எடையில்.

அன்புடன்,
அம்மா