உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை எங்களுக்கு அனுப்ப வேண்டாம்

அன்புடையீர்,

வணக்கம். லண்டனில் பலசரக்குக் கடை நடத்தும் அண்ணர் ஒருவர், போன மாதம் தன் கடைச் செயலியில் ஒரு சின்ன மாற்றம் கேட்டு வாட்ஸ்அப்பில் எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். அவருக்கு அந்தச் செயலியைச் செய்துகொடுத்த எங்களுக்கு, இங்கே கொழும்பில், அப்போது இரவு பத்து மணி. கோப்பைத் திறந்த எங்கள் அலுவலகப் பிள்ளை உடனேயே மூடிவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள். கடைக்கு வந்துபோகும் அத்தனை பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், யார் எவ்வளவு கடன் என்பது வரைக்கும் அதில் இருந்தது. அவர் கேட்ட மாற்றமோ, பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வரி சேர்ப்பது மட்டும்தான்.

கோப்பை அவள் போனிலிருந்தும் போனின் காப்புப் பிரதியிலிருந்தும் அழித்தோம். அடுத்த நாள் அவரோடு பேசினேன். "நீங்கள் எங்கட ஆக்கள்தானே தம்பி" என்றார். அந்த நம்பிக்கை எங்களுக்குப் பெரிய சொத்து. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் அவரை நம்பித் தங்கள் முகவரியைக் கொடுத்தவர்கள். வெள்ளவத்தையில் ஒரு மாடியில் இருக்கும் எங்களை அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில், கொழும்பில் வேலை கொடுப்பதால் உங்களுக்கு என்ன லாபம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். லண்டனிலோ சூரிச்சிலோ ஒரு மென்பொருளாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிட இங்கே குறைவு. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேர வித்தியாசமும் உதவுகிறது. கோடையில் லண்டனில் காலை 9 மணிக்கு நீங்கள் கடை திறக்கும்போது இங்கே பிற்பகல் 1.30. முதல்நாள் இரவு நீங்கள் எழுதி அனுப்பிய பிழை பாதி திருந்தியிருக்கும். டொரொன்டோவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி குறைவு. உங்கள் 9 மணி எங்களுக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அதற்காகவே ஒருவர் இரவு வரை இருக்கிறார்.

கொழும்பில் தரமான வேலை நடக்குமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். லண்டன் பங்குச் சந்தை 2009இல் கொழும்புக்கு அருகே மாலபேயில் இருந்த மிலேனியம் ஐ.டி. நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அங்கே உருவான மென்பொருளுக்கு 2011இல் தன் பங்கு வியாபாரத்தை மாற்றியது. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபமாகத் தெரிவது மொழி. "கடன் கொப்பி மாதிரி இருக்கவேணும்" என்று ஒருவர் சொன்னால், எங்கள் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, பாதுகாப்புக்கு வருகிறேன். 2019இல் எங்கள் கையால் ஒரு பிழை நடந்தது. ஒரு மருத்துவ நிலையத்துக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் அமைப்பைச் செய்துகொண்டிருந்தோம். சோதித்துப் பார்க்க உண்மையான நோயாளர் பட்டியலின் பிரதியையே பாவித்தோம். இங்கே காலை ஒன்பது மணிக்கு ஒரு பொத்தானை அழுத்த, அங்கே விடியாத வேளையில் 40 பேரின் போனுக்கு "டெஸ்ட் 4" என்று ஒரு செய்தி போய்விட்டது. அதைப் பார்த்த வயதான அம்மா ஒருவர் தன் இரத்தப் பரிசோதனை முடிவுதான் வந்திருக்கிறது, நாலு என்றால் ஏதோ கெட்டது என்று நினைத்து, நிலையம் திறக்கும் வரை நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறார். எந்தத் தரவும் திருட்டுப் போகவில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் அந்த நாலைந்து மணி நேரத்துக்கு நாங்கள்தான் காரணம்.

அன்றிலிருந்து சோதனைக்கு உண்மையான ஒருவரின் விபரத்தையும் நாங்கள் தொடுவதில்லை. கந்தையா 1, கந்தையா 2 என்று நாங்களே ஆட்களை உருவாக்குகிறோம். பிரித்தானியாவில் 07700 900000 முதல் 900999 வரையான கைத்தொலைபேசி எண்கள் நாடகங்களிலும் படங்களிலும் காட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டவை, யாருக்கும் வழங்கப்படுவதில்லை. எங்கள் கந்தையாக்கள் எல்லோருக்கும் அந்த எண்கள்தான். இனிப் பொத்தானை யார் அழுத்தினாலும் ஒருவர் வீட்டிலும் போன் அடிக்காது.

உண்மைத் தரவு உங்கள் நாட்டுச் சேர்வரிலேயே இருக்கட்டும். ஒரு பிழையைத் தேட எங்களில் ஒருவர் உள்ளே போகவேண்டி வந்தால் நீங்கள் அனுமதி கொடுத்த பிறகு, அவருடைய சொந்தப் பெயரில், கடவுச்சொல்லோடு இரண்டாவது குறியீடும் போட்டு நுழைவார். வேலை முடிய அந்த அனுமதி மூடப்படும். பொதுக் கடவுச்சொல் என்று ஒன்றை நாங்கள் வைத்திருப்பதில்லை. நாங்கள் எழுதும் மென்பொருள் நிரல் முழுவதும் உங்கள் பெயரில் உள்ள கணக்கில்தான் கிடக்கிறது. நாளைக்கு எங்களோடு ஒத்துவராவிட்டால் எங்களை வெளியே விட்டுப் பூட்டலாம். திறப்பு உங்கள் கையில்.

சட்டப் பக்கத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தரவு லண்டனிலேயே இருந்தாலும், கொழும்பிலிருந்து நாங்கள் அதைத் திரையில் திறந்து பார்த்தால் அதுவும் நாடு கடந்து தரவை அனுப்பியதாகவே கொள்ளப்படும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது மட்டும் உங்களுக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் 2021இல் வெளியான மாதிரி ஒப்பந்த வாசகங்களையும், பிரித்தானியாவில் இருப்பவர்கள் 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தரவுப் பரிமாற்ற ஒப்பந்தத்தையும் எங்களோடு எழுதிக்கொள்ள வேண்டும். நாங்கள் பிழை விட்டாலும் உங்கள் நாட்டு அதிகாரி கேட்கப்போவது உங்களிடம்தான். பாரதூரமான கசிவு தெரியவந்தால் 72 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டியவரும் நீங்களே. அதனால், எங்கள் பக்கம் ஏதாவது நடந்தால் விடிய ஒரு மணியானாலும் உங்களைத் தொலைபேசியில் எழுப்புவோம். காலையில் மெயில் போடலாம் என்று காத்திருக்க மாட்டோம்.

2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மின்வெட்டு ஏ, பி, சி என்று பிரிவு பிரிவாக நடந்ததால், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் உள்ள பிரிவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வேலை செய்தோம். மடிக்கணினி பஸ்ஸில் தொலைந்தால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதுதான் வந்தது. இப்போது எல்லா மடிக்கணினிகளின் வட்டும் மறைகுறியாக்கப்பட்டவை. யார் கையில் கிடைத்தாலும் கடவுச்சொல் இல்லாமல் திறந்து பார்க்க முடியாது. அப்புறம், எங்கள் பிள்ளைகள் வெளிநாடு போவதும் உங்களுக்குத் தெரியும். ஒருவர் விலகும் அன்று மாலைக்குள் அவருடைய நுழைவுரிமைகள் எல்லாம் நீக்கப்படும், பிரியாவிடைக் கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே.

இந்த மாத இன்வொய்ஸோடு, உங்கள் அமைப்புக்குள் நுழைய அனுமதி உள்ள எங்கள் ஆட்களின் பெயர்ப் பட்டியலும் வரும். தேவையில்லை என்று தோன்றும் பெயரைக் கோடிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அன்றே எடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
வெள்ளவத்தை அலுவலகத்திலிருந்து